உப்பளம் இல்லை, சரோஜாவின் குட்டை

சரோஜா முதன்முதலாக என் துணை சுகாதார நிலையத்துக்கு மருந்து கேட்டு வந்தது தனக்காக அல்ல, இறாலுக்காக.

1997, ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள். பதினோரு குழந்தைகள் ஒரே நேரத்தில் அலறிக்கொண்டிருந்தன. வரிசையைப் பொருட்படுத்தாமல் ஒருத்தி நேராக என் மேசைக்கு வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

"நர்சம்மா, டைபாய்டுக்குத் தருவியே ஒரு மாத்திர, அத்த ஒரு அம்பது குடு."

"அம்பதா? வீட்டுல யாருக்குக் காய்ச்சல்?"

"எறாவுக்கு."

வரிசையில் இருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். நானும் விடவில்லை.

"எறாவுக்குக் காய்ச்சல் எப்படிப் பார்த்தே? கக்கத்துல தெர்மாமீட்டர் வெச்சியா?"

"கிண்டல் பண்ணாத நர்சம்மா. ஒடம்பெல்லாம் வெள்ளப்புள்ளி. கொத்துக் கொத்தா சாவுது. பக்கத்துக் கம்பெனிக்காரன் தீவனத்தோட மாத்திரையக் கலக்கிப் போட்டுகினு கீறான். என்கிட்ட மாத்திர இல்ல, அதான் எனக்கு மட்டும் பேஜாரு."

அந்த மாத்திரையைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். டைபாய்டை அது அடக்கும். ஆனால் சிலருக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தபோது அப்படி ஒரு பெண்ணை நாற்பது நாள் கவனித்து, நாற்பத்தோராம் நாள் துணியால் மூடியிருக்கிறேன். அதைச் சரோஜாவிடம் அப்படியே சொன்னேன்.

"உன் எறாவைத் தின்னப்போறவன் எந்த ஊர்க்காரனோ. ஆனா அவனுக்கும் எலும்பு இருக்கு. மாத்திரை கிடையாது."

"அப்ப நான் இன்னாதான் பண்றது?"

"ஒரு வார்டுல தொத்து வியாதி வந்தா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? ஆளைக் காலி பண்ணி, கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, வெயில் காட்டுவோம். நோய் தங்குற இடத்தைச் சுத்தம் பண்ணு. போ, குழந்தைங்க அழுதுங்க."

"நல்லா சொன்ன போ. சேத்துக்கு வெள்ளை அடிக்கச் சொல்றா" என்று முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் அடுத்த சித்திரையில் அதைத்தான் செய்தாள். அதுவே பத்து வருடம் கழித்து அவளுக்கு வினையாகவும் வந்தது. இந்தக் கதை அதைப் பற்றியது.

கல்பாக்கம் தாண்டி, பாலாறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டி இருக்கிறது நெய்தவாக்கம். இருநூற்று முப்பது வீடுகள். நான் அங்கே பத்தொன்பது வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். சரோஜா அந்த ஊர்க்காரி இல்லை. கேளம்பாக்கத்து உப்பளத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் உப்பு வாரும் கூலிகள். ஏழு வயதிலிருந்து அவளும் வாரினாள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அங்கே வேலைக்கு வந்த முத்துசாமியைக் கட்டிக்கொண்டு நெய்தவாக்கத்துக்கு வந்தாள்.

முத்துசாமிக்குக் கால்வாய்க் கரையில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. நிலம் என்று சொன்னால் நிலம் கோபித்துக்கொள்ளும். உவர் மண். ஆடு கூட வாய் வைக்காது. 1994இல் சென்னை முதலாளி ஒருவர் பக்கத்திலேயே அறுபது ஏக்கர் வாங்கி, பொக்லைன் விட்டு, நாற்பது இறால் குட்டைகள் வெட்டினார். சரோஜா அங்கே மண் சுமக்கப் போனாள். ஆழம் எவ்வளவு, மதகு எங்கே, தண்ணீர் எப்படி ஏறும், எப்படி வடியும் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு தன் ஒன்றரை ஏக்கரில் மண்வெட்டியும் கூடையுமாக இரண்டு குட்டைகள் வெட்டினாள். பதினான்கு மாதம் ஆயிற்று. ஊரில் சிரித்தார்கள். "நீங்க சிரிச்சா எனக்கு இன்னா, ஆழம் கொறையவா போவுது?" என்று கேட்டாள்.

1999இல் முத்துசாமியின் வலது கால் சர்க்கரையில் போயிற்று. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண்ணுக்குக் கட்டுக் கட்டுவது எப்படி என்று சரோஜாவுக்கு ஒரு தடவைதான் காட்டினேன். இரண்டாவது தடவை என்னைவிடச் சுத்தமாகக் கட்டினாள். அதற்குப் பிறகு முத்துசாமி குட்டைக் கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தீவனத் தட்டைக் கயிற்றால் தூக்கிப் பார்ப்பார். தட்டில் தீவனம் மிச்சம் இருந்தால் இறாலுக்குப் பசி இல்லை, ஏதோ கோளாறு என்று அர்த்தம். "இவங்க எல்லாம் நல்லாத் தின்றானுங்க, எனக்குத்தான் பத்தியம்" என்பார்.

2004 சுனாமியில் இரண்டு குட்டைகளிலும் மண் மேவிவிட்டது. மறுபடியும் வெட்டினாள். இந்தத் தடவை ஒன்பது மாதம்.

இனி அவள் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். மார்கழியில் குஞ்சு விடுவாள். பங்குனி கடைசியில் அல்லது சித்திரை முதலில் அறுவடை. உடனே குட்டையை முழுக்க வடித்துவிடுவாள். சேறு வெடித்து, வெடிப்பில் கை நுழைகிற வரை வெயிலில் காயப்போடுவாள். உழுவாள். அப்புறம் சுட்ட சுண்ணாம்பு மூட்டை மூட்டையாகக் கொட்டி, தரையெல்லாம் வெள்ளையாகும்படி விசிறுவாள். கம்பெனியில் அப்படி இல்லை. நாற்பது குட்டைகளில் எப்போதும் தண்ணீர் நிற்கும். ஒன்று காலியானால் ஒன்பது நிரம்பியிருக்கும். காயப்போட அவர்களுக்கு நேரம் இல்லை, தீவனத்தில் கலக்க மாத்திரை இருந்தது.

2002க்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். இறாலைச் சோதித்து, மாத்திரை இருந்தால் கப்பலோடு திருப்பினார்கள். யார் குட்டை இறால் என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியாது. எல்லாருடையதும் ஒரே ஐஸ் பெட்டியில் கலந்துதானே போனது? ஒருவன் செய்த தப்புக்கு ஒரு கடற்கரையே பழி சுமந்தது. அதனால் ஏற்றுமதிக்காரர்கள் கூடி ஒரு ஏற்பாடு செய்தார்கள். கடலோரத்தில் உள்ள ஒவ்வொரு குட்டையையும் செயற்கைக்கோள் படத்தில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பெட்டியின் மேல் அந்த எண் இருக்க வேண்டும். எண் இல்லாத இறாலை லாரி ஏற்றாது.

எனக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. நானும் வரைபடம் வரைந்தவள். போலியோ சொட்டு மருந்துக்காக ஊரின் ஒவ்வொரு வீட்டையும் தாளில் வரைந்து எண் போட்டிருக்கிறேன். வரைபடத்தில் விட்டுப்போன வீட்டில் குழந்தையும் விட்டுப்போகும். ஒரு வருடம் சவுக்குத் தோப்புக்குள் இருந்த ஒரு குடிசையை விட்டுவிட்டேன். நல்லவேளை, அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் இன்றும் நின்று அந்தக் குடிசை வாசலை ஒருமுறை எட்டிப் பார்ப்பேன்.

2007 மார்ச்சில் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். கம்பெனியின் நாற்பது குட்டைகளுக்கும் எண் வந்திருந்தது. சரோஜாவின் பெயருக்கு நேரே "குட்டை இல்லை. உப்பளம்" என்று இருந்தது. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள்.

பட்டியலைப் படித்துக் காட்டியது நான்தான்.

"இன்னா நர்சம்மா, மூணு மாசமா நான் யாருக்குத் தீவனம் போட்டுகினு கீறேன்? உப்புக்கா?"

அறுவடைக்கு இருபது நாள் இருந்தது. இரண்டு குட்டையிலும் இறால் நடுவிரல் நீளம் தாண்டிவிட்டது. எண் இல்லையென்றால் லாரி வராது. லாரி வராவிட்டால் ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி அன்று மாலையே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது.

செல்வராஜ், கம்பெனிப் பண்ணையின் மேனேஜர். பேச்சில் குறை சொல்ல முடியாத ஆள். முத்துசாமியின் இடது காலிலும் வந்திருந்த புண்ணைப் பார்க்க நான் அங்கே போயிருந்தேன். செல்வராஜ் எனக்கும் ஒரு வணக்கம் வைத்தான்.

"சரோஜாக்கா, எதுக்கு டென்சன் ஆவுற? உன் எறாவ எங்க நம்பர்ல போட்டு அனுப்பிடலாம். நம்ம ஊர்ல இது புதுசா? நாளைக்கே ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, குட்டைய நீயே பாத்துக்கினு இருக்கலாம். பேரு மட்டும் எங்களுது."

"பேரு உன்னுது, சேறு என்னுதா?"

"அப்டி இல்லக்கா..."

"என் எறாவுக்கு நான் ஒரு மாத்திர போட்டதில்ல. தோ, இந்த நர்சம்மா சாட்சி, அம்பது கேட்டேன், ஒண்ணு தரல. உன் பொட்டியில என்னுத கலந்தா, நாளைக்கு ஒண்ணு திரும்பி வந்தா, என்னுதும் மாத்திர குடிச்சதா ஆயிடும்."

"எங்களுதுல மாத்திர கீதுன்னு யாரு சொன்னது?"

"நான் சொல்லலப்பா. உனக்கு ஏன் வேர்க்குது?"

முத்துசாமி நாற்காலியில் இருந்தபடியே சிரித்தார். செல்வராஜ் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கெழம வரைக்கும் யோசி. அப்புறம் நானே நெனச்சாலும் முடியாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

ஆட்சேப முகாம் மதுராந்தகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், வியாழக்கிழமை. எனக்கு அன்று அங்கே மாதக் கூட்டம். ஒரே பஸ்ஸில் போனோம். மத்தியானம் என் கூட்டம் முடிந்து மண்டபத்துக்குப் போனால், சரோஜா இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் நாஸ்தா கூட இல்லை. முன்னால் செல்வராஜ் தன் ஆட்கள் இரண்டு பேரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

மேசையில் இருந்தவர் ஸ்ரீவத்ஸன். வரைபடக் கம்பெனியின் இன்ஜினியர், முப்பது வயதுக்குள். மரியாதையாகப் பேசினார், ஆனால் அன்று ஒரே பதிலை எண்பது பேருக்குச் சொல்லிக் களைத்திருந்தார். சரோஜா தன் குட்டைகளுக்கு அரசு தந்த பதிவுக் காகிதத்தை நீட்டினாள்.

"அம்மா, காகிதம் சரியாத்தான் இருக்கு. ஆனா காகிதம் மட்டும் போதாது. குட்டையே வெட்டாம காகிதம் வாங்கி வெச்சுக்கிட்டு, அடுத்தவங்க இறாலை அதுல கணக்குக் காட்டறவங்க நிறைய பேர் இருக்காங்க. அதனால படத்துல இருந்தாத்தான் எண். உங்க சர்வே நம்பர்ல படத்துல உப்பளம் இருக்கு."

"எங்க, காட்டு."

சுவரில் கட்டில் விரிப்பு அளவுக்கு ஒரு வரைபடம். கால்வாய் ஒரு நீலக் கோடு. கம்பெனிக் குட்டைகள் குளியலறை ஓடு பதித்தது போல நீலக் கட்டங்கள். அதற்கும் கால்வாய்க்கும் நடுவில், இரண்டு தபால்தலை அளவுக்கு மஞ்சள் வண்ணம்.

சரோஜா மஞ்சள் மேல் விரலை வைத்தாள்.

"இது நீ அடிச்ச கலரு. அடியில போட்டோ கீதா?"

"இருக்கு."

"கலர எடு தம்பி. அடியில இன்னா கீதுன்னு பாக்கணும்."

பின்னால் இருந்து செல்வராஜ் சொன்னான்: "ஆகாசத்துல இருந்து எடுத்த படத்துக்கே அக்கா பாடம் எடுக்குது!"

"ஆகாசத்துல இருந்து பாத்தவன் எறங்கி வந்து காலை நனைச்சானா? கம்முனு இரு செல்வராஜூ. உன் நாப்பது குட்டையும் பத்திரமாத்தான் கீது."

ஸ்ரீவத்ஸன் லேப்டாப்பைத் திருப்பி, மஞ்சளை நீக்கினார். அடியில் சாம்பல் நிறப் படம். வடக்குக் குட்டை முழுக்க வெள்ளை. தெற்குக் குட்டை பாதி வெள்ளை, பாதி கறுப்பு. நடுவில் நேர்கோடு.

சரோஜா குனிந்து பார்த்தாள். எனக்கு அது இரண்டு அழுக்குச் சதுரமாகத்தான் தெரிந்தது. அவள் மெதுவாகச் சேலையை இடது கையால் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள், சேற்றில் இறங்கப்போகிறவள் மாதிரி.

"தம்பி, நீ எந்த ஊரு?"

"கேளம்பாக்கம். அங்க ஃபிளாட்ல இருக்கேன்."

"நான் அங்க உப்பளத்துல பொறந்தவ. உன் வூட்டு ஹாலு கீற எடத்துல கூட உப்பு வாரியிருப்பேன். உப்பளத்துல பாத்தி பாத்தியா இருக்கும். சின்னச் சின்ன வரப்பு, வாய்க்கா. மேல இருந்து பாத்தா கோலப் புள்ளி வெச்சாப்ல தெரியணும். இதுல எங்க கீது பாத்தி? ஒண்ணு காட்டு."

அவர் படத்தைப் பெரிதாக்கினார். பாத்தி இல்லை.

"இது உப்பு இல்ல. என் சுண்ணாம்பு."

"சுண்ணாம்பா?"

"எறா எடுத்ததும் குட்டைய வடிச்சு, காயப்போட்டு, சுண்ணாம்பு போடுவேன். கம்பெனிக்காரன் போட மாட்டான், அதான் அவனுது நீலமா கீது, என்னுது வெள்ளையா கீது. ஒழுங்கா வேலை செஞ்சவளுக்குக் குட்டை இல்லன்றே. இன்னா நியாயம் இது?"

"சரிம்மா, இருக்கலாம். ஆனா சுண்ணாம்புதான்னு எப்படி நிச்சயமா..."

"இந்தப் பாதி பாரு. ஏன் கறுப்பா கீது? வடக்கால குட்டை முடிச்சு, தெக்கால குட்டையில பாதி போட்டுகினு வந்தேன். மூட்டை கிழிஞ்சு ஈரக்கால்ல கொட்டிச்சு. வெந்துபோச்சு. போட்டது போட்டபடி வுட்டுட்டு இந்த நர்சம்மாகிட்ட ஓடனேன். நாலு நாள் குட்டைப் பக்கம் போவல. உன் படம் அந்த நாலு நாளுக்குள்ள எடுத்ததா இருக்கணும். தேதி போட்டிருப்பியே, படி."

ஸ்ரீவத்ஸன் படத்தின் மூலையைப் பார்த்தார். "பன்னிரண்டு, அஞ்சு, ரெண்டாயிரத்து ஆறு."

சரோஜா வலது கணுக்காலை மேசை விளிம்பில் தூக்கி வைத்தாள். வெளுத்த தழும்பு, உள்ளங்கை அகலம்.

"தோ. இதான் என் சர்டிபிகேட்டு."

மண்டபத்தில் யாரோ விசிலடித்தார்கள். ஸ்ரீவத்ஸன் காலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தழும்பில் தேதி எழுதியிருக்காது. என் புறநோயாளிப் பதிவேட்டில் எழுதியிருக்கும். எந்த நாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை, ஞாபகத்தை வைத்து நான் எதையும் சொல்வதும் இல்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கடைசி நாள். காலை எட்டரை மணிக்கு ஸ்ரீவத்ஸன் ஒரு ஜீப்பில் வந்துவிட்டார். பழைய பதிவேட்டை எடுத்து நான் தேட, அவர் பக்கத்தில் நின்றார். சரோஜா வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், உள்ளே வரவில்லை. அந்தப் பக்கத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. 10.5.2006. வரிசை எண் ஆறு. சரோஜா, 44. வலது கணுக்கால், சுட்ட சுண்ணாம்பு பட்ட புண். தூளைத் தட்டி, கால் மணி நேரம் தண்ணீர் ஊற்றி, கட்டு. 14ஆம் தேதி மறு கட்டு, நடக்கிறாள்.

ஸ்ரீவத்ஸன் இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேடம், கடலோரம், கால்வாய் பக்கம், வெள்ளையாக் காஞ்ச நிலம்னா கம்ப்யூட்டர் உப்பளம்னு போட்டுடும். நாங்க நேர்ல வந்து சரிபார்த்திருக்கணும். பார்க்கலை."

நான் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. "இப்ப வந்துட்டீங்க இல்ல, போய்ப் பாருங்க" என்றேன்.

நான்கு மூலைகளிலும் ஜி.பி.எஸ். கருவியோடு நின்று அளந்தால்தான் கணக்குச் சேரும். சரோஜாவின் குட்டைக்கு வண்டிப்பாதை கம்பெனி நிலத்தின் வழியாகத்தான். பத்து வருடமாகத் திறந்தே கிடந்த கேட்டில் அன்று பூட்டுத் தொங்கியது. உள்ளே செல்வராஜ் நின்றான்.

"சாவி மொதலாளிகிட்ட கீதுக்கா. மெட்ராஸ்ல இருந்து சாயந்தரம் வருவாரு."

"பட்டியல் அஞ்சு மணிக்கு மூடிடும்ங்க" என்றார் ஸ்ரீவத்ஸன்.

"அதுக்கு நான் இன்னா சார் பண்றது?"

சரோஜா திரும்பி ஸ்ரீவத்ஸனிடம் சொன்னாள்: "செருப்பக் கழட்டு தம்பி. சேத்துல மாட்டிக்கும். பேண்ட்ட மடிச்சுக்கோ. கால்வாயில எறங்கிப் போயிடலாம்."

"ஆழமா இருக்குமா?"

"இப்ப தண்ணி வத்தற நேரம். தொடை வரைக்கும் வரும். எனக்குத் தொட, உனக்கு முழங்காலு. நட."

லேப்டாப் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முதலில் அவள் இறங்கினாள். பின்னால் அவர், கருவியைக் கற்பூரத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. நான் கரையில் நின்றேன். எனக்கு மூட்டு வலி, அதோடு ஒன்பதரைக்கு ஒரு கர்ப்பிணி வர இருந்தாள். ஆனால் பார்க்காமல் போக மனம் வரவில்லை. அவள் அடி வைக்கும் இடத்தில் மட்டும் அடி வைத்து அவர் நடந்தார். கேட்டுக்கு உள்ளே செல்வராஜும் வேலியோரமாக அவர்களோடு இணையாக நடந்துகொண்டிருந்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மீதியை முத்துசாமி சொல்லித்தான் தெரியும். வடகிழக்கு மூலையிலிருந்து ஆரம்பித்தார்களாம். குட்டையில் தண்ணீர் நிறைந்திருந்தது, தட்டைத் தூக்கினால் இறால் துள்ளியது. தட்டையும் போட்டோ எடுத்துக்கொண்டார் இன்ஜினியர். "என்னையும் எடு சார், படத்துல உப்பு மூட்டைன்னு எழுதிடாத" என்று முத்துசாமி சொன்னாராம். தென்மேற்கு மூலையில் ஸ்ரீவத்ஸன் நின்ற இடத்தைச் சரோஜா ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னும் ரெண்டடி தள்ளிப் போ."

"அங்க அவங்க கரை இருக்கேம்மா."

"அவங்க கரை போன வருசம் ரெண்டடி நகந்து வந்துச்சு. என் மண்ணு அதுக்கு அடியில கீது. கல்லு நட்டு வெச்சிருக்கேன், தோண்டிக் காட்டவா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற செல்வராஜ், "அக்கா, ரெண்டடிக்கெல்லாம் தகராறா?" என்று கேட்டான்.

"ரெண்டடிதானேன்னு நீதான் எடுத்தே. ரெண்டடிதானேன்னு நீயே குடுத்துடு."

கையாலேயே மண்ணைப் பறித்தாள். முழங்கை ஆழத்தில் எல்லைக்கல் வந்தது. ஸ்ரீவத்ஸன் அதன் மேல் கருவியை வைத்து, எண்கள் அசையாமல் நிற்கும் வரை காத்திருந்து, குறித்துக்கொண்டார்.

மாலை நாலே முக்காலுக்குத் துணை சுகாதார நிலையத்துக்கு அவள் வந்தாள். கையில் ஸ்ரீவத்ஸன் எழுதிக் கொடுத்த ஒரு சிறு தாள். இரண்டு எண்கள். 417, 418.

"எழுதியிருக்கிறது சரியா பாரு நர்சம்மா. எனக்கு எண்ணு தெரியும், ஆனாலும் நீ ஒரு தடவ பாரு."

பார்த்தேன். சரியாக இருந்தது. கை நகங்களுக்குள் இன்னும் கரை மண் இருந்தது. "கையைக் கழுவிட்டு வா, வலது ஆள்காட்டி விரல் கிழிஞ்சிருக்கு, டெட்டனஸ் ஊசி போடணும்" என்றேன். போட்டுக்கொண்டு போனாள்.

ஏப்ரல் பத்தாம் தேதி லாரி வந்தது. கம்பெனி கேட் அன்று திறந்திருந்தது. திறக்காமல் என்ன செய்வார்கள்? எண் உள்ள குட்டைக்குப் பாதை மறித்தால் கம்பெனியின் எண்ணையும் கேள்வி கேட்பார்கள் என்று யாரோ செல்வராஜின் முதலாளிக்குச் சொல்லியிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. ஸ்ரீவத்ஸனாக இருக்கலாம். சரோஜாவின் பெட்டிகள் தனியாக ஏறின. ஒவ்வொன்றின் மேலும் மையால் எண். சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்கு அதிசயமாகப் படவில்லை. மருந்து போடாத உடம்பில் மருந்து எங்கிருந்து வரும்?

அவளுக்கு அதோடு கோபம் தீர்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். தீரவில்லை. தண்ணீரை வடித்தாள், காயப்போட்டாள், உழுதாள். மே மாதம் ஒரு காலையில் முத்துசாமியின் புண்ணைப் பார்க்கப் போனபோது அவர் நாற்காலியைக் கரையின் உச்சிக்கு ஏற்றிப் போட்டிருந்தார். "மேல வா நர்சம்மா, இங்க இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

ஏறிப் பார்த்தேன். கறுத்து வெடித்த தரையில், சுண்ணாம்பால், கரைக்குக் கரை நீளத்தில் ஓர் எண். வடக்குக் குட்டையில் 417. தெற்கில் 418. ஒவ்வொரு இலக்கமும் ஒரு வீட்டு அகலம். வரி கொஞ்சமும் கோணவில்லை. கயிறு கட்டி அடித்திருந்தாள். இந்தத் தடவை காலில் ரப்பர் பூட்ஸும் போட்டிருந்தாள். அது நான் கொடுத்த யோசனை.

"இன்னா இது சரோஜா?" என்று அவள் பேச்சிலேயே கேட்டுவிட்டேன்.

"இந்த வருசமும் மேல இருந்து எவனாவது படம் எடுப்பான் இல்ல? படிச்சுக்கட்டும்."

"அப்ப மீதி இடத்துக்குச் சுண்ணாம்பு?"

"நாலு நாள் இப்டியே கெடக்கட்டும். அப்புறம் மீதியும் போட்டு விசிறிடுவேன். சுண்ணாம்பு வீணா போவாது."

நான்கு நாள் அப்படியே கிடந்தது. அந்த நாட்களில் ஏதாவது செயற்கைக்கோள் அந்த வழியாகப் போனதா என்று எனக்குத் தெரியாது. வேலிக்கு அந்தப் பக்கம், அவர்களுடைய கரையில், செல்வராஜ் வண்டியை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பதை மட்டும் நான் பார்த்தேன். வடக்குக் குட்டையையும் பார்த்தான், தெற்குக் குட்டையையும் பார்த்தான். சரோஜா சுண்ணாம்புக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று கேட்டாள்:

"படிக்கத் தெரியுதா செல்வராஜூ, இல்ல இன்னும் பெருசா எழுதணுமா?"